ஐ.சி. என்னும் சிறு சில்லு



தம்பினிலிருந்து அலோர் காஜா வழியாக மலாக்காவுக்குப் போகும் சாலையில் விடியுமுன் ஓடும் தொழிற்சாலைப் பேருந்துகளை நம்மில் அறியாதவர் இல்லை. பிரட்டுக்கு மணி அடிக்குமுன்பே எழுந்து, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு, லயத்து முனையில் அந்தப் பேருந்துக்காகக் காத்து நின்ற பெண்பிள்ளைகளைத் தோட்டப்புறம் 1970-களிலிருந்தே பார்த்து வருகிறது. பிள்ளை எங்கே வேலை பார்க்கிறது என்று கேட்டால், "எலெக்ட்ரோனிக் பேக்டரியில்" என்பார்கள். அங்கே என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், "ஐ.சி. செய்கிறார்கள்" என்பார்கள். அதற்குமேல் பேச்சு நகராது. அந்த ஐ.சி. என்பது என்ன, அதில் எந்த வேலை நம் பக்கத்து ஊர்களில் நடக்கிறது என்பதைப் பற்றி இன்று பேசலாம் என்று எண்ணுகிறேன்.

ஐ.சி. என்றதும் நமக்கு அடையாள அட்டைதான் நினைவுக்கு வரும். அந்த ஐ.சி. வேறு, இந்த ஐ.சி. வேறு. இது ஒருங்கிணைந்த மின்சுற்று என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். சுருக்கமாகச் சில்லு என்போம். பழைய வானொலிப் பெட்டியின் பின்மூடியைத் திறந்தால், உள்ளே ஒரு பலகையில், இரு பக்கமும் கால்கள் முளைத்த கறுப்புப் பொருள் ஒன்று பூரானைப் போல ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத்தான் எல்லாரும் சில்லு என்று காட்டுவார்கள். உண்மையில் அது சில்லின் கூடு. சில்லு அதற்குள்ளே அரிசிமணி அளவிலோ, சில வேளைகளில் விரல் நகத்தின் அளவிலோ மறைந்திருக்கிறது.

சில்லைப் புரிந்துகொள்ள முதலில் டிரான்சிஸ்டரைப் புரிந்துகொள்ளவேண்டும். கையடக்க வானொலிக்கே "டிரான்சிஸ்டர்" என்று பெயர் வைத்துக் கூப்பிட்டவர்கள் நம் பெரியவர்கள். அந்தப் பெயர் பெட்டிக்கு உரியதன்று. பெட்டிக்குள் இருந்த சிறு பொருளுக்கு உரியது. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அது முதன்முதலாக வேலை செய்தது. அதற்குமுன் வானொலியில் இருந்தவை கண்ணாடி வால்வுகள். சூடேறும், உடையும், மின்சாரத்தையும் அதிகம் குடிக்கும்.

டிரான்சிஸ்டர் என்ன செய்கிறது? தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து பெரிய குழாய் ஒன்று வருகிறது. குழாயில் ஒரு திருகு இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளையின் விரல் அந்தத் திருகைத் திருப்பினால் தொட்டித் தண்ணீர் முழுவதும் கொட்டும், மூடினால் நிற்கும். சிறிய விசை பெரிய ஓட்டத்தை ஆள்கிறது. டிரான்சிஸ்டருக்கு மூன்று கால்கள். ஒன்றில் மின்சாரம் நுழைகிறது, ஒன்றில் வெளியேறுகிறது, மூன்றாவது கால்தான் திருகு. இந்தத் திருகைத் திருப்ப விரல் வேண்டியதில்லை. சிறிதளவு மின்சாரமே அதைத் திருப்பிவிடும். ஆகவே ஒரு டிரான்சிஸ்டரிலிருந்து வெளிவரும் மின்சாரம் அடுத்த டிரான்சிஸ்டரின் திருகைத் திருப்பலாம். அது அதற்கடுத்ததைத் திருப்பலாம்.

இப்போது ஒரே குழாயில் இரண்டு திருகுகளை அடுத்தடுத்து வைப்போம். இரண்டும் திறந்தால்தான் தண்ணீர் வரும். இரண்டு குழாய்களைப் பக்கம் பக்கமாக வைத்து ஒரே வாளியில் விழவிட்டால், ஏதேனும் ஒன்று திறந்தாலும் வாளி நிறையும். 'இரண்டும் வேண்டும்' என்பது ஒரு கட்டளை. 'ஒன்று போதும்' என்பது இன்னொரு கட்டளை. திறந்ததை மூடியதாகவும் மூடியதைத் திறந்ததாகவும் மாற்றும் மூன்றாவது கட்டளை ஒன்றைச் சேர்த்துக்கொண்டால், கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாவற்றையும் செய்துவிடலாம். எவ்வளவு பெரிய கணினியானாலும் அடியில் இருப்பது இந்த மூன்றும்தான். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது, "இவ்வளவுதானா சார்?" என்று ஏமாற்றத்தோடு கேட்பார்கள். ஆம், இவ்வளவுதான். ஆனால் அப்படிப்பட்ட திருகுகள் ஆயிரக்கணக்கில், கோடிக்கணக்கில் வேண்டும். தொல்லை அங்கேதான் தொடங்கியது.

1950-களில் ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் தனித்தனியாகச் செய்து, கம்பியால் ஒன்றோடொன்று இணைத்து, ஈயம் உருக்கி ஒட்டினார்கள். ஆயிரம் பொருள்கள் இருந்தால் பல ஆயிரம் ஒட்டுகள். அத்தனையும் கையால் செய்யவேண்டும். ஓர் ஒட்டு விட்டுப்போனாலும் கருவி முழுதும் கெட்டது. பொறியாளர்கள் வரைபடத்தில் பெரிய கருவிகளை வரைந்துவிட்டு, அவற்றைச் செய்து முடிக்க வழியில்லாமல் திகைத்தார்கள்.

இதற்கு வழி கண்டவர்களில் ஒருவர் ஜாக் கில்பி. 1958-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் அவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். கோடையில் அந்த நிறுவனத்தில் பெரும்பாலோர் ஒரே காலத்தில் விடுமுறையில் போய்விடுவார்கள். புதியவருக்கு விடுமுறை இன்னும் சேரவில்லை. ஆளில்லாத கூடத்தில் தனியே உட்கார்ந்து யோசித்தபோது, எல்லா உறுப்புகளையும் ஒரே பொருளில், ஒரே துண்டில் செய்துவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அதே ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் ஜெர்மானியம் என்ற பொருளின் சிறு துண்டில் அதைச் செய்து காட்டினார். ஆனால் அவருடைய துண்டிலும் உறுப்புகளுக்கு நடுவே மெல்லிய கம்பிகள் கையால் இணைக்கப்பட்டிருந்தன. அந்தக் கம்பிகளையும் ஒழித்தவர் ஃபேர்சைல்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் நாய்ஸ். 1959-இல் அவர் சிலிக்கான் துண்டின்மேல் அலுமினியத்தை மெல்லிய கோடுகளாகப் படியவைத்து, கோடுகளையே கம்பிகளாக்கும் முறையை எழுதிவைத்தார். கில்பிக்கு 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. நாய்ஸ் அதைக் காண உயிரோடு இல்லை, 1990-இலேயே மறைந்துவிட்டார்.

இந்த மாற்றத்தை நம் ஊர் உவமையில் சொல்லலாம். இங்கொன்றும் அங்கொன்றுமாக இருபது குடிசைகளைக் கட்டி, நடுவே ஒற்றையடிப் பாதை போடுவது பழைய முறை. ஒரே கூரை, பொதுச் சுவர், ஒரே வாசல் வரிசை என்று இருபது வீடுகளையும் ஒரே மூச்சில் லயமாகக் கட்டுவது ஐ.சி. முறை. லயத்து வாழ்க்கை வசதியா இல்லையா என்ற பேச்சு வேறு. கட்டுமானத்தை மட்டும் பாருங்கள்.

சில்லு எதிலிருந்து பிறக்கிறது? மணலில் உள்ள பொருளிலிருந்துதான். படிகக்கல்லிலிருந்து சிலிக்கானைப் பிரித்து, மிகத் தூய்மையாக்கி, 1,400 பாகை செல்சியசுக்கும் மேல் உருக்கி, தடித்த உருளையாக மெல்ல மேலே இழுக்கிறார்கள். உருளையை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனத்தில் அப்பளம் போலச் சீவுகிறார்கள். வட்டமான, கண்ணாடி போல மின்னும் தட்டுகள் கிடைக்கின்றன. இன்றைய பெரிய தட்டின் குறுக்களவு 300 மில்லிமீட்டர். இனி அதன்மேல் சுற்றை வரையவேண்டும். வாசலில் அச்சுத் தகட்டை வைத்துக் கோலமாவைத் தூவினால், துளை உள்ள இடத்தில் மட்டும் மாவு விழும் அல்லவா? இங்கே மாவுக்குப் பதில் ஒளி. தட்டின்மேல் ஒளி பட்டால் மாறும் பூச்சு ஒன்றைப் பூசி, வடிவம் வரைந்த கண்ணாடி வழியாக ஒளியைச் சுருக்கி விழச்செய்து, பிறகு கழுவுகிறார்கள். பூச்சு நீங்கிய இடங்களில் போரான், பாஸ்பரஸ் போன்ற பொருள்களை நுழைக்கிறார்கள். இப்படியே அடுக்கின்மேல் அடுக்காகப் பலமுறை. ஒரே தட்டில் ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான சில்லுகள் உருவாகிவிடுகின்றன. விலை மலிந்ததற்கு இதுவே காரணம். கோடுகள் மிக நுண்ணியவை என்பதால் ஒரு தூசு விழுந்தாலும் சில்லு கெடும். அதனால்தான் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு வேலை செய்கிறார்கள்.

இந்த அச்சு வேலை தொடக்கக் காலத்தில் நம் நாட்டில் நடக்கவில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் நடந்தது. அச்சிட்ட தட்டுகள் விமானத்தில் ஏறி இங்கே வந்தன. ஒரு சிறு பெட்டியில் பல்லாயிரம் சில்லுகள் அடங்கிவிடும். விமானக் கூலி கட்டுபடியாகும். இங்கே ஆள்கூலி குறைவு. சுதந்திர வாணிக வட்டாரங்களில் வரிச் சலுகையும் உண்டு. 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாசில் அத்தகைய வட்டாரம் திறக்கப்பட்டது. மேலே சொன்ன ராபர்ட் நாய்ஸ் 1968-இல் கோர்டன் மூர் என்பவரோடு சேர்ந்து தொடங்கிய இன்டெல் நிறுவனம், தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை 1972-இல் பினாங்கில்தான் அமைத்தது. 1973-இல் ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் மலாக்காவுக்கு வந்தது. பத்து பெரெண்டாமில் உள்ள அந்தத் தொழிற்சாலைக்கு 1999 முதல் இன்ஃபினியன் என்று பெயர். அதே பத்து பெரெண்டாமில் நேஷனல் செமிகண்டக்டர் இருந்தது. 2011-இல் அது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கைக்கு மாறியது. நம் நெகிரி செம்பிலானில் சிரம்பானை அடுத்த செனாவாங்கில் மோட்டோரோலாவின் தொழிற்சாலை இருந்தது. இப்போது அது ஓன் செமிகண்டக்டர். தெற்கே மூவாரிலும் ஒன்று உண்டு. ஆக, தம்பினில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சில்லுத் தொழிற்சாலை இருக்கிறது.

இங்கே நடக்கும் வேலைக்கு வருவோம். அச்சிட்ட தட்டை வைரத்தூள் பதித்த மெல்லிய வாளால் குறுக்கும் நெடுக்குமாக அறுத்துத் தனிச் சில்லுகளாக்குகிறார்கள். ஒவ்வொன்றையும் உலோகச் சட்டத்தில் ஒட்டுகிறார்கள். அடுத்ததுதான் நம் பிள்ளைகளின் கண்களைக் கேட்ட வேலை. சில்லின் ஓரத்தில் உள்ள நுண்ணிய மேடைகளிலிருந்து சட்டத்தின் கால்களுக்குத் தங்கக் கம்பி இழுக்கவேண்டும். கம்பியின் கனம் சுமார் 25 மைக்ரோன், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. நம் தலைமுடி அதைவிட இரண்டு மூன்று மடங்கு தடிப்பு. துளையுள்ள ஊசி வழியாகக் கம்பி இறங்கும். அதன் நுனியை உருக்கிச் சிறு உருண்டையாக்கி, சூட்டோடு மேடைமேல் அழுத்தி ஒட்டி, வளைத்துக்கொண்டுபோய்க் காலில் ஒட்டவேண்டும். அக்காலத்தில் இதைப் பெண்கள் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டு, ஒவ்வோர் ஒட்டாகக் கையால் செய்தார்கள். எட்டு மணி நேரம் நுண்ணோக்கியில் கண் பதித்தவர்களுக்குத் தலைவலியும் கண்வலியும் வந்தன. தோட்டத்தில் தாய் தந்தையர்க்கு 1954 முதல் தேசியச் சங்கம் இருந்தது. மின்னணுத் தொழிற்சாலையில் இருந்த மகளுக்கோ 1988-க்கு முன் தொழிற்சங்கம் அமைக்க அனுமதி இல்லை. அவ்வாண்டுதான் நிறுவனத்துக்குள்ளான சங்கங்களை அரசாங்கம் அனுமதித்தது.

இன்று கம்பி இணைப்பது பொறி. கண்ணிமைக்கும் நேரத்தில் பல ஒட்டுகளைப் போட்டுவிடுகிறது. தங்கத்தின் விலை ஏறியதால் பல இடங்களில் செப்புக் கம்பி வந்துவிட்டது. கம்பி இணைத்தபின் கறுப்புப் பிசினை உருக்கி ஊற்றி மூடுகிறார்கள். பூரான் உருவம் அப்போதுதான் வருகிறது. பிறகு சோதனை. சூட்டில் வைத்தும் குளிரில் வைத்தும் மின்சாரம் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஓடும் காரின் தடுப்புக் கருவிக்குள் போகவேண்டிய சில்லு அல்லவா?

இதை வெறும் பொட்டலம் கட்டும் வேலை என்று இளப்பமாகப் பேசுவோர் உண்டு. 2021-ஆம் ஆண்டை அவர்களுக்கு நினைவுபடுத்தலாம். கொரோனா பரவியதால் அவ்வாண்டு ஜூனில் மலாக்கா இன்ஃபினியன் தொழிற்சாலையில் வேலை தற்காலிகமாக நின்றது. மூவார் தொழிற்சாலையும் தடைப்பட்டது. ஆகஸ்டில் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம், கன்சாஸ் நகரத்தில் சிறுலோரி செய்யும் தன் தொழிற்சாலையை ஒரு வாரம் மூடியது. மலேசியாவில் நோய்த்தொற்றினால் ஒரு மின்னணுப் பாகம் கிடைக்கவில்லை என்பதே அது சொன்ன காரணம். உலகில் சில்லுகளைக் கூடிட்டுச் சோதிக்கும் வேலையில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. அச்சிடும் வேலையும் இப்போது கெடாவில் உள்ள கூலிமில் நடக்கிறது. இன்ஃபினியன் அங்கே 2006-இல் தொடங்கியது.

சில்லின் பயன் என்று பட்டியல் போட்டால் இந்த நேரம் போதாது. 1964-இல் காது கேளாதோர்க்கான கருவியில் அது முதன்முதலில் கடைப்பொருளாக வந்தது. 1971-இல் இன்டெல் வெளியிட்ட 4004 என்ற சில்லு, ஜப்பானிய நிறுவனம் ஒன்று கணக்குப்பொறிக்காகக் கேட்டதால் பிறந்தது. அதில் இருந்தவை 2,300 டிரான்சிஸ்டர்கள். இன்றைய விலையுயர்ந்த கைப்பேசியின் தலைமைச் சில்லில் ஆயிரம் கோடிக்கும் மேல் இருக்கின்றன. 2001-இல் மைகாட் வந்தபோது அந்த ஐ.சி.க்குள் இந்த ஐ.சி.யும் குடியேறிவிட்டது. அட்டையில் பொன்னிறமாகத் தெரியும் தகடு தொடர்பு முனை மட்டுமே. சில்லு அதன் அடியில் இருக்கிறது. அதனால்தான் அட்டையை வளைக்கக்கூடாது என்கிறார்கள்.

நம் கூலியோடு நேராகத் தொடர்புடைய ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஆலைக்குள் போனதும் எடைமேடையில் ஏறி நிற்கிறது. திரையில் எண் தெரிகிறது. மேடைக்கு அடியில் எஃகுத் துண்டுகள் இருக்கின்றன. பாரம் ஏறினால் எஃகு கண்ணுக்குத் தெரியாத அளவு நசுங்கும். அதன்மேல் ஒட்டிய மெல்லிய உலோக இழையும் கூடவே நசுங்கும். நசுங்கினால் அதில் மின்சாரம் ஓடுவதற்கான தடை சிறிது மாறும். அந்தச் சிறு மாற்றத்தை ஒரு சில்லு பல மடங்கு பெருக்கிக் கொடுக்கிறது. இன்னொரு சில்லு அதை எண்ணாக்கித் திரைக்கு அனுப்புகிறது. பழைய தொங்கு தராசில் முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்க்கவேண்டியிருந்தது. எண் தெளிவாகத் தெரிவது நல்லதுதான். ஆனால் எண் தெளிவாகத் தெரிவதனாலேயே எடை சரி என்று ஆகிவிடாது. நசுங்கல் எத்தனை கிலோவுக்குச் சமம் என்பதை ஒரு மனிதர்தான் கருவிக்குச் சொல்லிவைக்கிறார். வாணிகத்துக்குப் பயன்படும் எடைக்கருவிகளைச் சோதித்து முத்திரையிடவேண்டும் என்று 1972-ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டம் சொல்கிறது. முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதில் தவறில்லை; கேட்பதிலும் தவறில்லை.

இனிப் பிள்ளைகளுக்கு. கம்பியிணைக்கும் வேலையைப் பொறி எடுத்துக்கொண்டது என்றேன். ஒருவர் பல பொறிகளைக் கவனித்துக்கொள்ளும் நிலை வந்துவிட்டது. பொறி நின்றுவிட்டால் கூப்பிடுவது தொழில்நுட்பரைத்தான். பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போகும் இருவரில், பொறி நின்றால் காத்திருப்பவரின் சம்பளமும் அதைத் திறந்து சரிசெய்பவரின் சம்பளமும் ஒன்றாக இராது. அந்த வேறுபாடு எஸ்.பி.எம். தேர்வில் கணிதத்திலும் அறிவியலிலும் வாங்கும் மதிப்பெண்ணில் தொடங்குகிறது. அதற்கும் முன்னே, தமிழ்ப்பள்ளியில் மின்சுற்றுப் பாடத்தில் மின்கலம், கம்பி, விளக்கு மூன்றையும் தானே இணைத்துப் பார்த்த நாளில் தொடங்குகிறது. அந்தப் பாடத்தைப் படம் வரைந்து மனப்பாடம் செய்வித்து முடிப்பது எனக்கு உடன்பாடில்லை. அலோர் காஜா வட்டாரத்திலேயே அட்டெக் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் இருக்கிறது. மலாக்காவில் போலிடெக்னிக் இருக்கிறது. இரண்டும் நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை. பத்து பெரெண்டாமுக்குப் போகும் பேருந்தின் பாதையை நம் வீடுகள் அறிந்திருக்கும் அளவுக்கு இவற்றின் விண்ணப்பப் பாரத்தை அறிந்திருக்கவில்லை. பள்ளி ஆசிரியரிடம் கேளுங்கள், வாங்கித் தருவார்.

சில்லைக் கண்ணால் பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்கு ஒரு வழி சொல்கிறேன். வீட்டில் கெட்டுப்போன மின்கல வானொலி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மின்கலங்களைக் கழற்றியபிறகுதான் திருகாணியைத் தொடவேண்டும். பழைய தொலைக்காட்சிப் பெட்டியையும் நுண்ணலை அடுப்பையும் எக்காரணம் கொண்டும் திறக்கக்கூடாது. இணைப்பைப் பிடுங்கியபின்னும் அவற்றுக்குள் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும். மலிவான கணக்குப்பொறியைத் திறந்தால் பூரானைக் காணமுடியாது; தார்ச் சொட்டுப் போல ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும், சில்லு அதற்கடியில். வானொலியில் கறுப்புக் கூடு தென்பட்டால், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து அதன் முதுகில் உள்ள எழுத்துகளைப் படியுங்கள். பல சில்லுகளில் செய்த நாட்டின் பெயர் இருக்கும். மலேசியா என்று இருப்பதும் உண்டு. நான்கு இலக்க எண் ஒன்றும் பெரும்பாலும் இருக்கும். 8432 என்றிருந்தால், 1984-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் அது கூடிடப்பட்டது என்று பொருள். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டுபோய், அந்தக் காலத்தில் தொழிற்சாலைக்குப் போன உங்கள் அத்தையிடமோ சின்னம்மாவிடமோ காட்டுங்கள். அவர் எந்தப் பிரிவில் இருந்தார், அறுக்கும் இடத்திலா, கம்பி இணைக்கும் இடத்திலா, சோதனையிலா என்று கேளுங்கள்.